அண்ணிக்கு வரவேண்டிய பத்து நொடி

என் அண்ணி கார்ப் பந்தயம் ஓட்டுகிறவர் என்று சொன்னால் யாரும் முதல் தடவையில் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடைத்தெருவில் அண்ணி வண்டியில் வருவதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஒருநாள் பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து மணியடித்து அலுத்துப்போய், இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அண்ணியின் காரை முந்திப் போனார். கதை விடவில்லை, மருந்துக்கடை வாசலில் நின்று என் கண்ணால் பார்த்தேன். அந்த மருந்துக்கடையில்தான் எனக்கு வேலை.

அண்ணிக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. வெள்ளை நிறச் சின்னக் கார், கூரையில் பயிற்சி வண்டி என்ற பலகை. கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் அண்ணியின் காலடியில் இன்னொரு பிரேக். இருபத்திரண்டு வருஷமாக அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தே உட்கார்ந்து பழகியதில், வீட்டு சோபாவில் உட்கார்ந்தாலும் அந்தக் கால் சும்மா இருக்காது. தொலைக்காட்சியில் ஒரு வண்டி வேகமாக வந்தால் போதும், அண்ணியின் கால் தரையை அழுத்தும். யாராவது படபடவென்று பேசினால், "கியரைக் குறைங்க" என்பார். யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை. பதினாறு தடவை தேர்வில் தோற்ற தபால்கார அம்மாவைக்கூடப் பதினேழாவது தடவை, "இன்னிக்கு வெயில் அவ்வளவா இல்ல, நல்லா ஓட்டுவீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். அந்த அம்மா தேறிவிட்டார். இப்போது அவர் எதிரே வந்தால் நான் நடைபாதையில் ஏறிக்கொள்கிறேன்.

இப்படிப்பட்டவர் பந்தயத்துக்குப் போனதற்குக் காரணம் என் அண்ணன்.

அண்ணன் அரசாங்க வேலையில் இருக்கிறார். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பதுதான் வேலை. ஒரு கிராம் தப்பாகக் காட்டினாலும் தராசுக்குச் சீல் வைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். கடைக்காரர் தேநீர் நீட்டினால் குடிக்க மாட்டார், தண்ணீர்கூடத் தன் பாட்டிலில்தான். பழக்கடையில் எடை போட்டபின் கடைக்காரர் மரியாதைக்கு ஒரு பழம் கூடப் போட்டால், அதை எடுத்துத் திருப்பி வைத்துவிடுவார். "நாளைக்கு ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லிட்டா?" என்பது அவருடைய கேள்வி. தூங்கும்போதும் அதைத்தான் கேட்பார் என்று அண்ணி சொல்வார்.

நாணயத்துக்குப் பேர்போன மனிதரைச் சும்மா விடுவார்களா? வட்டார மோட்டார் சங்கத்துக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் வருஷத்துக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை, இப்போது விமானம் எதுவும் இறங்காத ஒரு பழைய ஓடுதளத்தில் பந்தயம் நடத்துகிறார்கள். இன்ன வண்டிதான் என்று கிடையாது, நான்கு சக்கரம் இருந்தால் வரலாம். பல் டாக்டரின் நீளமான கறுப்புக் கார், வெல்டர் தானே பற்றவைத்து உருவாக்கிய கதவில்லாத திறந்த வண்டி, ரொட்டிக்கடைக்காரரின் சரக்கு வேன், யாரோ ஏலத்தில் எடுத்த பழைய ஆம்புலன்ஸ் எல்லாம் ஒரே பந்தயத்தில் ஓடும்.

இதில் நியாயம் எப்படி வரும் என்று கேட்பீர்கள். அங்கேதான் அண்ணன் வருகிறார். சனிக்கிழமை எல்லா வண்டியும் தனித்தனியே ஓடிக் காட்டும். ஒரு சுற்றுக்குச் சராசரி எத்தனை நொடி என்று நான் குறித்துக் கொடுப்பேன். நேரம் பார்க்கும் கடிகாரங்கள் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பந்தயம் எட்டுச் சுற்று. மெதுவான வண்டி முதலில் கிளம்பும், வேகமான வண்டி அதற்கு எத்தனை நொடி கழித்துக் கிளம்ப வேண்டும் என்று அண்ணன் கணக்குப் போடுவார். முன்னால் கிளம்புகிறவருக்குக் கிடைக்கும் அந்த நொடிகளுக்குச் சலுகை நொடி என்று பெயர். கணக்கு சரியாக இருந்தால் வேனும் கறுப்புக் காரும் ஆம்புலன்ஸும் கடைசியில் கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்றாக வந்து சேரும். அன்றைக்கு யார் தன் வண்டியைக் கொஞ்சம் நன்றாக ஓட்டினாரோ அவருக்குக் கோப்பை.

மனுஷ புத்தி சும்மா இருக்குமா? சனிக்கிழமை வேண்டுமென்றே உருட்டி உருட்டி ஓட்டிச் சலுகை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பறப்பவர்கள் முதல் வருஷமே கிளம்பிவிட்டார்கள். அதனால் அண்ணன் ஒரு விதி கொண்டுவந்தார். பந்தயத்தில் ஏதாவது ஒரு சுற்றை உங்கள் சனிக்கிழமைச் சராசரியைவிட இரண்டு நொடிக்கு மேல் குறைவாக ஓட்டினால், நீங்கள் பந்தயத்திலேயே இல்லை, பெயர் அடிபட்டுவிடும். விதிப் புத்தகத்தில் அது ஏழாவது. அந்த ஏழில் மாட்டாத பெரிய மனிதர் சங்கத்தில் குறைவு. டாக்டரே இரண்டு முறை மாட்டியிருக்கிறார்.

அண்ணி உள்ளே வந்தது ஒரு விபத்து மாதிரிதான். ஒரு சனிக்கிழமை ஐந்து வண்டிகள்தான் வந்தன, ஆறு இருந்தால்தான் பந்தயம். சலவைக்கடை வைத்திருக்கும் சங்கச் செயலாளர், அண்ணனுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த அண்ணியிடம் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணி கூரைப் பலகையைக் கழற்றிப் புல்தரையில் வைத்துவிட்டு, "ஒரு நாளைக்குத்தானே" என்றார். அந்த ஒரு நாள் ஒன்பது வருஷம் நீண்டுவிட்டது.

என்ன பிடித்ததோ தெரியாது, பிடித்துவிட்டது. வாரம் முழுக்க, "மெதுவா, மெதுவா" என்று சொல்லும் வாய், அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூடியிருக்கும். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டால் அண்ணிக்கு முகமே மாறிவிடும். பந்தயத்தில் தன்னை யாராவது முந்த வந்தால் விளக்குப் போட்டு வழிவிடுவார் என்பதற்காக எல்லோரும் கேலி செய்வார்கள். செய்யட்டும். அண்ணிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், ஒரு தடவையாவது முதலில் வரவேண்டும். வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஆனால் வரவேற்பறை அலமாரியின் நடுத்தட்டை ஒன்பது வருஷமாகக் காலியாகவே துடைத்துவந்தார். அது எதற்கு என்று புரியாத மாதிரி நாங்கள் எல்லோரும் நடித்தோம்.

வந்தது என்னவோ நாலாவது, ஐந்தாவது. மூன்றாவது வந்த நாளும் உண்டு. ஆறு நொடியில் போயிற்று, எட்டு நொடியில் போயிற்று என்பார். திங்கட்கிழமை பலகையைத் திரும்ப மாட்டிக்கொண்டு பாடம் எடுக்கப் போய்விடுவார்.

ஒன்பதாவது வருஷம், நாலாவது போட்டி முடிந்த மறுநாள், சாப்பாட்டு மேசையில் அண்ணி சொன்னார்: "இந்த வருஷத்தோட போதும் தம்பி. வேகம்ங்கறது எனக்கு வராத பாடம். பதினேழு தடவை தேர்வு எழுதினாலே தேறிடுவாங்க. நான் அம்பத்திரண்டு தடவை எழுதிட்டேன்."

அழுதிருந்தால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணன் தண்ணீர் குடித்தார், பிறகு இன்னொரு தம்ளர் குடித்தார். அந்த இரண்டாவது தம்ளரிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குத்தான் மண்டையில் எதுவும் சட்டென்று உறைக்காதே.

ஐந்தாவது போட்டிக்கு முதல் நாள் அண்ணனுக்குக் காய்ச்சல். எழுந்து உட்காரவே முடியவில்லை. சாயங்காலம் மாத்திரையும் சனிக்கிழமைத் தாள்களும் எடுத்துக்கொண்டு போனேன். "நீயே கணக்குப் போடு, நான் சரிபார்க்கறேன்" என்றார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போட்டேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. அண்ணிக்கு ஒரு சுற்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு நொடி, எல்லோரையும்விட வேகமான டாக்டருக்கு எண்பத்து நாலு. வித்தியாசம் இருபத்தெட்டு, எட்டுச் சுற்றுக்கு இருநூற்று இருபத்து நாலு. எழுதிக் கொடுத்தேன்.

அண்ணன் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிப் பென்சிலை வாங்கினார். டாக்டருக்கு ஒரு டிக், வெல்டருக்கு ஒரு டிக், வேனுக்கு ஒரு டிக். அண்ணியின் இருநூற்று இருபத்து நாலை அடித்துவிட்டு, பக்கத்தில் இருநூற்றுப் பதினாலு என்று எழுதினார்.

"அண்ணே, தப்பாப் போட்டுட்டேனா?" என்றேன்.

"இல்ல இல்ல. உன் கணக்கு சரிதான். இது எப்பவும் இப்படித்தான்."

"எப்பவும் எப்படி?" என்றது கதவுப் பக்கம் ஒரு குரல். அண்ணி வெந்நீர்த் தம்ளரோடு நின்றிருந்தார்.

அண்ணன் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். காய்ச்சல்காரர் தூங்கலாம், தப்பில்லை. ஆனால் கையில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு யாரும் தூங்கமாட்டார்கள். அண்ணி தம்ளரை வைத்துவிட்டுத் தாளை எடுத்துப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார்.

"அந்தப் பத்து நொடி எங்கங்க போச்சு?"

அண்ணன் கண்ணைத் திறந்தார். "நீ என் பொண்டாட்டி."

"அது தெரியும். பத்து நொடி எங்க போச்சுன்னு கேட்டேன்."

"கணக்குப் போடறவன் நான். நாளைக்கு நீ ஜெயிச்சா ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லமாட்டானா? பொண்டாட்டிக்கு அள்ளிக் குடுத்துட்டான்னு. அதான், பாதுகாப்புக்கு ஒரு பத்து..."

"எத்தனை வருஷமா?"

அண்ணன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். அண்ணிக்கு மனக்கணக்கு வேகமாக வரும். "அம்பத்திரண்டு பந்தயம். ஐநூத்தி இருபது நொடி. எட்டு நிமிஷம் நாப்பது நொடி" என்றார். "கடையில தராசு ஒரு கிராம் குறைவாக் காட்டினா என்னங்க பண்ணுவீங்க?"

"சீல் வைப்பேன்" என்றார் அண்ணன், பழக்க தோஷத்தில்.

"அப்ப உங்களுக்கு யாரு சீல் வைக்கறது?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் அண்ணி பந்தயத்துக்கு வரவில்லை, காரைப் போர்வை போட்டு மூடிவிட்டார். எனக்கு மனசு கேட்காமல், ஒன்பது வருஷத் தாள்களையும் புரட்டிப் பார்த்தேன். முதலில் வந்தவருக்கும் அண்ணிக்கும் பத்து நொடிக்குள் வித்தியாசம் இருந்த பந்தயங்கள் எத்தனை என்று எண்ணினேன். எண்ணியதோடு நிற்காமல் அண்ணியிடம் போய்ச் சொல்லியும் தொலைத்தேன்: "பதினோரு தடவை நீங்கதான் ஜெயிச்சிருக்கணும் அண்ணி."

அண்ணி அலமாரி துடைக்கும் துணியைக் கொண்டுபோய்க் குப்பைக்கூடையில் போட்டார். அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது.

அதற்குப்பின் ஒரு மாதம் அந்த வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அண்ணி சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்தவில்லை, சமையலை நிறுத்தவில்லை. அண்ணன் தட்டில் வைப்பதை மட்டும் சமையலறைத் தராசில் எடை போட்டு, பத்து கிராம் எடுத்துவிட்டு வைத்தார். ரொட்டியில் ஒரு ஓரம் இல்லை. கத்தரிக்காயில் ஒரு துண்டு இல்லை. தேநீர் தம்ளர் விளிம்புக்கு ஒரு விரல் கீழே. மற்றவர்களுக்குத் தெரியாது. அண்ணனோ எதைப் பார்த்தாலும் எடை சொல்லும் மனிதர்.

"இதுல பத்து கிராம் குறையுது" என்றார் முதல் நாளே.

"பாதுகாப்புக்கு" என்றார் அண்ணி. "நாளைக்கு ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லிட்டா? புருஷனுக்கு அள்ளி வெக்கறான்னு."

காலையில் அண்ணனை அலுவலகத்தில் இறக்கிவிடுவதையும் நிறுத்திவிட்டார். அண்ணன் பேருந்தில் தொங்கிக்கொண்டு போனார். இருபது நாளில் இடுப்பு வார் ஒரு துளை உள்ளே போயிற்று. கடைசியில் மருந்துக்கடைக்கே வந்துவிட்டார். "நீயாவது சொல்லேன்டா. கெட்ட எண்ணத்துலயா செஞ்சேன்? நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யாரோட நல்லதுக்கு அண்ணே? அவங்க தனக்கு ஓட்ட வராதுன்னு நம்பிட்டாங்க. தொழிலே அதுதான் அவங்களுக்கு. உங்க பேருக்கு ஒரு கீறல் விழக்கூடாதுன்னு அவங்க மனசுல ஒன்பது வருஷம் கீறியிருக்கீங்க" என்றேன். இருமல் மருந்து வாங்க நின்ற யாரோ ஒருவர், பாட்டிலை வாங்காமலேயே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணன் போய் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டார். என் எதிரில்தான் கேட்டார். அண்ணி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "கடைசிப் போட்டிக்கு வரேன். ஆனா காலைக் கூட்டத்துல எல்லாரும் இருக்கும்போது நீங்க எழுந்து நின்னு சொல்லணும். பத்து நொடி எடுத்தேன், இனிமே எடுக்கமாட்டேன்னு."

அண்ணனுக்கு முகம் செத்துப்போயிற்று. ஊர் ஒரு வார்த்தை சொல்லிவிடுமோ என்று வாழ்நாள் முழுக்க ஒதுங்கி ஒதுங்கி நடந்தவரை, ஊரைக் கூட்டி அவர் வாயாலேயே சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? "அது மட்டும் வேண்டாமே" என்றார். "அப்ப கார் போர்வைக்குள்ளயே இருக்கட்டும்" என்றார் அண்ணி.

வெள்ளிக்கிழமை ராத்திரி அண்ணன் ஒருவழியாகத் தலையாட்டினார். சனிக்கிழமை அண்ணி வந்து சராசரிச் சுற்று ஓட்டினார். அதே நூற்றுப் பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஓடுதளத்துக் கொட்டகையில் கூட்டம். முன்வரிசையில் டாக்டர், வெல்டர், ரொட்டிக்கடைக்காரர், ஆம்புலன்ஸ்காரர். பின்னால் அண்ணி, மடியில் தலைக்கவசம். அண்ணன் சலுகைச் சீட்டுகளோடு எழுந்து நின்றார். சீட்டுகள் கையில் படபடத்தன. கொட்டகைக்குள் காற்றே இல்லை.

"ஒண்ணு சொல்லணும்" என்றார். "இந்த ஒன்பது வருஷமா என் சம்சாரத்துக்குக் கணக்குப்படி வரவேண்டிய சலுகையில பத்துப் பத்து நொடி குறைச்சுக் குடுத்திருக்கேன். நீங்க யாரும் தப்பா நெனச்சிடக்கூடாதுன்னு. அது தப்பு. பெரிய தப்பு. இன்னிக்குக் குறைக்கல."

வெல்டர் தலையைச் சொறிந்துகொண்டே எழுந்தார்.

"குறைச்சீங்களா? சார், நீங்க அவங்களுக்குக் கூடப் போட்டுக் குடுக்கறீங்கன்னுல்ல நாங்க இத்தனை வருஷமா பேசிக்கறோம்!"

"என்னது?"

"ஆமா சார். வீட்டுக்காரம்மாவாச்சே, பதினஞ்சு இருபதாவது கூடப் போடுவார்னு. பாவம், குடுத்தும் ஜெயிக்க மாட்டேங்கறாங்க, போனாப் போகட்டும்னு விட்டுட்டோம். இல்லையா டாக்டர்?"

டாக்டர் கூரையைப் பார்த்தார். அண்ணன் பேயறைந்த மாதிரி நின்றார். எந்த ஒரு வார்த்தைக்காக ஒன்பது வருஷம் பெண்டாட்டியைக் காவு கொடுத்தாரோ, அந்த வார்த்தையை ஒன்பது வருஷமாக ஊர் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அண்ணிதான், தலைக்கவசத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். ஒரு மாதத்துக்குப்பின் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

டாக்டரின் சராசரி எண்பத்தைந்து. அண்ணிக்குச் சலுகை இருநூற்றுப் பதினாறு. சீட்டைக் கொடுக்கும்போது அண்ணன், "முழுசா இருக்கு" என்றார். அண்ணி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காருக்குப் போனார்.

கொடி விழுந்தது. அண்ணி கிளம்பினார். பின்னாலேயே நேரம் பார்த்துப் பார்த்து வேன், ஆம்புலன்ஸ், வெல்டரின் வண்டி. கடைசியில் டாக்டர் கிளம்பியபோது அண்ணி இரண்டாவது சுற்றை முடிக்கப்போகிறார். வழக்கம்போல முதல் மூன்று சுற்றும் நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதினொன்று. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு கூர்மையான வளைவு உண்டு. அங்கே அண்ணி பள்ளிக்கூட வாசலைக் கடப்பதுபோல ஊர்ந்து போவார். ஆறாவது சுற்றிலும் அப்படித்தான் போனார். ஆனாலும் முன்னால் அவர்தான். யாரும் பிடிக்கவில்லை.

என் பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார். பந்தயத்தில் கைகட்டி நிற்பதுதான் அவர் வழக்கம், இமைகூட அசையாது. அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். ஏழாவது சுற்றில் கறுப்புக் கார் அண்ணியின் கண்ணாடியில் தெரிய ஆரம்பித்தது. தண்ணீர்த் தொட்டி வளைவு வந்தது. அண்ணி பிரேக்கைத் தொடவில்லை.

வெள்ளைக் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, டயர் கத்தியது. சாய்ந்தபடியே வளைந்து நிமிர்ந்து, எங்களைத் தாண்டிச் சீறிக்கொண்டு போனது. "போ! போ! நிக்காத, போ!" என்று யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் என் அண்ணன். தொப்பியை மேலே எறிந்துவிட்டார்.

நான் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். நூற்று ஒன்பது புள்ளி ஆறு.

நூற்றுப் பத்துக்குக் கீழே போகக்கூடாது. அரை நொடிகூட இல்லை, புள்ளி நாலு நொடி கீழே போயிருந்தது. விதி ஏழு. அண்ணி கடைசிச் சுற்றில் முதலாவதாக ஓடிக்கொண்டிருக்கிறார், ஆனால் பந்தயத்திலேயே இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்து, கடிகாரத்தைக் காட்டினேன். கத்திக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.

"அண்ணே, விரல் சறுக்கிடுச்சுன்னு வெச்சுக்குவோம். நூத்திப் பத்துன்னு எழுதிடறேன். யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், எழுதியிருப்பேன்.

ஒரு கிராமுக்குச் சீல் வைக்கும் மனிதர், அவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை. தூரத்தில் வெள்ளைக் கார் மறுபடியும் தண்ணீர்த் தொட்டியை நெருங்கிக்கொண்டிருந்தது.

"நீ பாத்தது என்ன?"

"நூத்தி ஒன்பது புள்ளி ஆறு."

"அதையே எழுது." கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இதையும் அவகிட்டேருந்து எடுத்துடாத. நான் எடுத்தது போதும். இது அவளே ஓட்டினதுடா."

அண்ணி மூன்று நொடி வித்தியாசத்தில் முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார். எல்லோரும் ஓடினார்கள். வெல்டர் காரின் கதவைத் திறந்து, அண்ணியைக் கிட்டத்தட்டத் தூக்கி வெளியே எடுத்தார். தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது, முகம் முழுக்கப் பல். அந்தக் கூட்டத்துக்குள் அண்ணன் தாளோடு போனார். நான் பின்னாலேயே போனேன்.

"முதலிடம் பல் டாக்டர்" என்று படித்தார் அண்ணன். கூட்டம் கப்பென்று அடங்கியது. "பயிற்சி வண்டி... விதி ஏழு. ஏழாவது சுற்று."

அண்ணியின் சிரிப்பு நின்றது. செயலாளர், "சார், இன்னிக்குமா?" என்று முனகினார். டாக்டருக்கே முகம் சுண்டிப்போயிற்று.

அண்ணி கேட்டார்: "எவ்வளவுங்க?"

"நூத்தி ஒன்பது புள்ளி ஆறு."

"யாரு?"

"நீதான்."

"நான் நூத்தி ஒன்பதா?" அண்ணி என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தை நீட்டினேன். வாங்கி, நிறுத்திவைத்த முள்ளைப் பார்த்தார். நிமிர்ந்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க. அங்க ஆம்புலன்ஸ்காரருக்குக் கேக்கல."

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓடுதளமே அதிரும்படி படித்தார்: "பயிற்சி வண்டி. நூற்று ஒன்பது புள்ளி ஆறு. அனுமதித்ததைவிட அதிக வேகம். பெயர் நீக்கப்படுகிறது."

அண்ணி காரின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "அதிக வேகமாம் தம்பி" என்றார் என் கையைப் பிடித்துக்கொண்டு. "என்னைப் பாத்து அதிக வேகம்ங்கறாங்க." டாக்டர் கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினார், மனிதர் நல்லவர். அண்ணி வாங்கவில்லை. "கணக்குப்படி உங்களுக்குத்தான் டாக்டர். எனக்கு அந்தத் தாள்ல ஒரு நகல் மட்டும் போதும்" என்றார்.

நகலைச் சட்டம் போட்டு வாங்கினார். பயிற்சிப் பள்ளியில் மாட்ட ஆசைதான், ஆனால் 'மெதுவாகச் செல்லவும்' என்று நான்கு சுவரிலும் எழுதி வைத்த இடத்தில் அதை எப்படி மாட்டுவது? படுக்கையறையில் மாட்டினார். பந்தயத்தை விடும் பேச்சை அதற்குப்பின் யாரும் எடுக்கவில்லை. அண்ணன் தட்டில் பத்து கிராமும் திரும்பி வந்தது.

அடுத்த வருஷத்தின் முதல் போட்டி. சனிக்கிழமைச் சராசரியிலேயே அண்ணி நூற்றுப் பத்து ஓட்டிவிட்டார். டாக்டர் அதே எண்பத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் சீட்டை நீட்டிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

அண்ணி பிரித்துப் பார்த்தார். "இருநூறா? பதினாறு நொடி குறைஞ்சிருக்கே!"

"நான் குறைக்கல" என்றார் அண்ணன் அவசர அவசரமாக. "சத்தியமா நான் குறைக்கல. நீ வேகமாயிட்ட. வேணும்னா நீயே போட்டுப் பாரு."

அண்ணி அங்கேயே நின்று விரல்விட்டு எண்ணிப் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. ஒன்பது வருஷமாக அந்தச் சங்கத்தில், சலுகை குறைந்தது என்று முகம் தொங்கியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அண்ணி அந்தச் சீட்டை டாக்டரிடம் காட்டினார், வெல்டரிடம் காட்டினார், ரொட்டிக்கடைக்காரரைத் தேடிப்போய்க் காட்டினார். "பதினாறு நொடி போயிடுச்சு" என்று எல்லோரிடமும் சொன்னார். சொல்லும்போது முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.